எடுக்கக் கூடாத மணி

என் மகன் அந்தப் போனை ஒரு பால்மா டின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். தைப் பொங்கலுக்கு முந்தின நாள். நோர்வூட்டிலிருந்து வந்த பஸ்ஸில் கூரை ஒழுகியதாம். போன் நனைந்துவிடக் கூடாதென்று டின்னுக்குள் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். அவன் மட்டும் தலையோடு நனைந்து வந்து நின்றான்.

அவனுக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. தனக்குப் புதுப் போன் வாங்கிக்கொண்டு பழையதை எனக்கென்று எடுத்து வந்திருந்தான். சவர்க்காரக் கட்டி அளவு, அதைவிடக் கொஞ்சம் கனம். பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த நாளில், ஆபீஸ் ஐயாமாரைத் தவிர்த்தால், போன் வைத்திருந்தவர்கள் மிகக் கொஞ்சம். கொழுந்து பறிக்கிற பெண்களில் முதலில் போன் வைத்திருந்தவள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

லயத்து வரிசையில் எங்கள் வீடான காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில் என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான்.

“பச்சைய அமுக்குனா எடுக்கலாம். சிவப்ப அமுக்குனா வச்சிரலாம். அம்புட்டுத்தாம்மா.”

“அப்ப மத்த பட்டனெல்லாம் எதுக்கு? அழகுக்கா?”

“அதையெல்லாம் நீங்க தொடாதீங்க.”

“ஏன், கடிக்குமா?”

அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த என் மகள் சிரித்தாள். “சும்மா எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்கண்ணே. நீங்க பஸ் ஏறினதும் அம்மா அதக் கழட்டிப் பாத்துருவாங்க.”

நான் கழற்றவில்லை. ஆனால் தொட்டேன். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். எழுத்தை ஒவ்வொன்றாய்க் கூட்டித்தான் வாசிப்பேன், இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் கொழுந்து நிறுக்கிற தராசைப் பார்த்துப் பார்த்து எண்கள் எனக்கு நன்றாகப் பழகியிருந்தன. ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், எந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால் போன் உயிர் பெறும், எதை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், எப்படித் திறப்பது என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். சார்ஜ் குறைந்தால் அது கீச்சென்று கத்தும். முதல் தடவை கத்தியபோது எலிதான் வந்துவிட்டதென்று விளக்குமாற்றைத் தூக்கினேன். காம்பராவுக்குள் கவரேஜ் இல்லை. இஸ்தோப்புத் தூணுக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று கம்பி விழும். அங்கே ஓர் ஆணி அடித்து, சுருக்குப் பையில் போட்டுத் தொங்கவிட்டேன். ஆயுத பூஜைக்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு சேர்த்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

மணி அடிக்கிற விஷயத்தையும் அவன்தான் ஏற்பாடு செய்தான். அப்போதெல்லாம் போனை எடுத்தால் இரண்டு பக்கமும் காசு போகும். அதனால் அந்தியில் கடை சாத்தி அறைக்கு வந்ததும் ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு வைப்பான். “ரூமுக்கு வந்துட்டேன், நல்லா இருக்கேன்” என்று அர்த்தம். நான் எடுக்கக் கூடாது. திருப்பி ஒரு தடவை அடிக்க வேண்டும். “நானும் நல்லா இருக்கேன், நீ சாப்பிடு” என்று அர்த்தம். விடாமல் அடித்தால்தான் எடுக்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு.

திருப்பி அடிப்பது லேசில்லை. இடது பக்கப் பட்டன், பிறகு பச்சை, காதில் வைத்து அங்கே மணி போவது கேட்டதும் உடனே சிவப்பு. கொஞ்சம் பிந்தினால் அவன் எடுத்துவிடுவான். நான் ஒரு நாளும் பிந்தியதில்லை. மணி அடிக்கும்போது அவன் பெயர் இங்கிலீசில் விழும். எனக்கு இங்கிலீஸ் வாசிக்க வராது. ஆனால் முதல் எழுத்து கவ்வாத்துக் கத்தி மாதிரி அடியில் வளைந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டால் போதும், அது என் மகன்.

அந்த நேரத்தில் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்கள் குடத்தோடு எங்கள் வாசலில் நின்று கேட்பார்கள். “என்னாக்கா, மகன் அடிச்சிட்டானா?”

“அடிச்சிட்டான், அடிச்சிட்டான். ரூமுக்கு வந்துட்டான்.”

“கொழும்புல இருக்கிற மகன கையில வச்சிருக்கீங்களே!” என்பார்கள். எனக்குத் தலை நிமிரும்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை அனுப்ப, என் அம்மாவும் கூடப் பிறந்தவர்களும் இந்தியாவுக்குப் போன காலத்தில், என் புருஷனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்பதால், நான் மட்டும் இங்கே நின்றேன். அட்டன் ஸ்டேசனில் ரயில் ஏறும்போது, “அடுத்த வருசம் வந்து பாக்குறேன்டி” என்று அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே என் மகன் ஒரு நாள் வெளிநாட்டு வேலை, ஏஜென்சி என்று பேச்செடுத்தபோது, அவனை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சூடத்தை ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். “கடல் தாண்ட மாட்டேம்மா” என்று சொல்லி அணைத்தான். கை சுட்டுவிட்டது. வாசல் வரைக்கும் ஊதிக்கொண்டே வந்தான்.

சித்திரை வருசப் பிறப்புக்கு அவன் வரவில்லை. கடையில் லீவு இல்லையாம். அன்று அந்தியில் மணி அடித்தபோது சந்தோசத்தில் நான் இரண்டு தடவை திருப்பி அடித்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக் குறைந்தது. மாதத்துக்கு ஒரு தரம் பேசுவான். பேசும்போது அந்த வளைந்த எழுத்து விழாது. “கடைப் போன்ல இருந்து கோல் எடுக்கிறாரும்மா, அதான் பேரு விழல” என்று மகள் சொன்னாள். எனக்கு எப்போதும் மழையைக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கிப் பழக்கம்.

“கொழும்புல மழையா தம்பி?”

“ஆமாம்மா, செம மழை. ரோடெல்லாம் தண்ணி.”

ஒரு தடவை அவன் அப்படிச் சொன்ன அதே கிழமையில், கொழும்பிலிருந்து வந்த பக்கத்துக் காம்பராக்காரர் வெயில் தாங்க முடியவில்லை என்றார். அது வேறு தெருவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெற்ற பிள்ளை மழையில் பொய் சொல்லுவான் என்று யார் நினைப்பார்?

தீபாவளிக்கும் வரவில்லை. அவனுக்கென்று எடுத்துவைத்த முறுக்கு நமுத்துப்போனது. ஆனாலும் எனக்குக் குறை தெரியவில்லை. அந்தி மணி தவறவில்லையே. பனி இறங்குகிற நேரத்துக்கு அது ஒரு தடவை அடித்து ஓய்ந்ததும் எனக்குப் பசிக்கத் தொடங்கும்.

மார்கழியில் ஒரு நாள் மணி அடிக்கவில்லை. தூணோடு சாய்ந்து நின்றுகொண்டே இருந்தேன். மறுநாளும் இல்லை. நான் அடித்தேன், யாரும் பதிலுக்கு அடிக்கவில்லை.

“கவரேஜ் இருக்காதும்மா, உள்ள வாங்க” என்றாள் மகள்.

“நாளைக்கு நான் கொழும்புக்குப் பஸ் ஏறுறேன்.”

அவள் கையிலிருந்த அகப்பை நின்றுவிட்டது. “போயி? எங்கன்னு தேடுவீங்க? பேசாம இருங்கம்மா.” அந்தக் குரலில் ஒரு பயம் இருந்தது. அண்ணனை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

பஸ் ஏறவில்லை. மறுநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கூடையை இறக்குவதற்குள் மணி அடித்தது. வளைந்த எழுத்து. எனக்குப் பொறுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று அவன் சொன்னது நினைவிருந்தது, இருந்தும் பச்சையை அமுக்கினேன்.

“தம்பி! என்னாடா ஆச்சு உனக்கு? காசு போனாப் போவுது, பேசு.”

அந்தப் பக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல். என் மகனுடைய குரல் இல்லை.

“அம்மா… நான் அவர் இல்லை. அவரோட ரூமில இருந்தனான்.”

யாழ்ப்பாணப் பேச்சு. “எம் மகன் எங்க? அவனுக்கு என்னா?”

“அவருக்கு ஒண்டும் இல்லை அம்மா, பயப்பிடாதேங்கோ. எனக்குத்தான் காய்ச்சல். எழும்ப ஏலாமக் கிடந்தனான், அதுதான் ரெண்டு நாளா அடிக்கேல்லை.”

“நீங்க எதுக்குத் தம்பி அடிக்கணும்?”

அந்தப் பக்கத்தில் இருமல் கேட்டது.

“அவர் கட்டாருக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போகேக்க இந்த சிம்மை என்னட்டைத் தந்தவர். பின்னேரத்தில அம்மாவுக்கு ஒரு ரிங் குடு எண்டு… அம்மா, உங்களுக்குத் தெரியாதே?”

அந்தப் பையன் பதறிப்போய் ஏதேதோ சொன்னான். அதில் ஒன்றுதான் என் காதில் நின்றது. “நீங்கள் திருப்பி ஒரு ரிங் குடுப்பியள். சாப்பிடச் சொல்லுறியள் எண்டு அவர் சொன்னவர். அது வந்தாப் பிறகுதான் அம்மா நான் சாப்பிடுறனான்.”

“காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க” என்று சொல்லிவிட்டுச் சிவப்பை அமுக்கினேன்.

உள்ளே போனேன். மகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“எப்பப் போனான்?”

‘யாரு?’ என்று அவள் கேட்டிருந்தால்கூட என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் கேட்கவில்லை. துருவலைப் பார்த்துக்கொண்டே, “சித்திரைக்கு முன்னாடி” என்றாள்.

அப்படியானால் அந்த இரண்டு மணி? நான் சந்தோசத்தில் அடித்தது? அதுவும் எவனோ ஒருவனுக்கு.

“சத்தியம் வாங்கிட்டீங்க. அத மீறுறேன்னு உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல அண்ணனுக்கு முடியல.”

“மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாதவனுக்கு, முதுகுக்குப் பின்னால போக மட்டும் முடிஞ்சிச்சோ?”

“வேற என்னாம்மா செய்யிறது? எல்லாரும் இந்த லயத்துலயே கெடந்து சாவணுமா?” அவள் அழத் தொடங்கினாள்.

“மணி அடிக்கிற நேரமெல்லாம் எம் பக்கத்துல நின்னு, ‘அண்ணன் வந்துட்டாரும்மா’ன்னு சொன்னியேடி. ஒரு நாளாவது நாக்குக் கூசல?”

அவள் தேங்காய்ச் சிரட்டையைக் கீழே வைத்தாள்.

“லயத்துல வேற யாருக்குத் தெரியும்?”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “எல்லாருக்குந்தான்.”

குடத்தோடு வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராய் நினைவுக்கு வந்தார்கள். ‘மகன் அடிச்சிட்டானா அக்கா?’ என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, ‘ரூமுக்கு வந்துட்டான்’ என்று சொல்ல, அவர்கள் சிரித்துக்கொண்டே தண்ணீருக்குப் போயிருக்கிறார்கள். அவன் போனதைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொள்வேனாயிருக்கும். இதை இன்றைக்கும் என்னால் ஆற்ற முடியவில்லை.

மறுநாள் அந்தியில் மணி ஒரு தடவை அடித்து நின்றது. அந்தப் பையன்தான். பழக்கத்தில் அடித்தானோ, நான் எப்படி இருக்கிறேன் என்று அறிய அடித்தானோ தெரியாது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தவன் அவன் ஒருவன்தான். ஆனாலும் நான் திருப்பி அடிக்கவில்லை. தூணருகில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நன்றாக இருட்டும்வரைக்கும் நின்றேன். அன்றைக்கு அவன் சாப்பிட்டானோ என்னவோ. அதற்குப் பிறகு அவன் அடிக்கவே இல்லை.

என் மகன் அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாரிலிருந்து கோல் எடுத்தான். மகள் சொல்லியிருப்பாள். பெயர் விழாத மணி விடாமல் அடித்தது. மகள் என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஆற அமரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

“அம்மா” என்றான்.

நான் எப்போதும் கேட்கிறதையே கேட்டேன். “கொழும்புல மழையா தம்பி?”

எங்கேயோ ஒரு பெரிய லாரி போவது கேட்டது.

“இல்லம்மா. இங்க மழையே இல்ல.”

அவன் அழுவது கேட்டது. நான் அழவில்லை.

“இனிமே நானே இங்க இருந்து அடிக்கிறேம்மா. ஒவ்வொரு நாளும். ஒரு மணி. சத்தியமா.”

“சத்தியம் பண்ணாத. சூடத்துல சுட்டது ஒனக்கு ஆறிப்போச்சு, எனக்கு ஆறல. மணியும் அடிக்காத. பேசுறதுன்னா பேசு, இல்லாட்டி விட்டுடு” என்று சொல்லிச் சிவப்பை அமுக்கினேன்.

அவன் பிறகு ஊர் திரும்பினான், கல்யாணம் செய்தான், எனக்கு அந்தப் பழையதைவிடப் பெரிய போன் வாங்கித் தந்தான். சூட்கேசைத் திறந்து சாமான்களை எடுத்துவைத்தபோது, கட்டாரில் வெயில் எப்படி என்று ஊரே கேட்டது. நான் கேட்கவில்லை. அவனும் என்னிடம் சொல்லவில்லை. நான் சமைத்துப் போட்டேன், அவன் சாப்பிட்டான்.

இப்போது அவன் குடும்பத்தோடு மறுபடி கொழும்பில். எங்கள் லயத்தில் எனக்கு மட்டும் மிஸ்கோல் கொடுக்க முடியாது என்று சிரிக்கிறார்கள். உண்மைதான். முதல் மணி முடிவதற்குள் நான் எடுத்துவிடுவேன். “ஏம்மா, சும்மா மிஸ்கோல் குடுக்கிறவங்க காசையெல்லாம் முழுங்குறீங்க” என்று மகள் சண்டைக்கு வருவாள்.

“எவன் காசோ போவட்டும். குரல் கேக்கணும் எனக்கு” என்பேன்.

பீலிக்குப் போகிற பெண்கள் இப்போதும் வாசலில் நின்று கேட்பதுண்டு. “மகன் கோல் எடுத்தானா அக்கா?”

நான் பதில் சொல்லுவதில்லை. கேட்கிறவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.