ரிப்பனுக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பறை

காலை ஆறு மணிக்குத் திருச்சியில் ஏறும்போதே நடத்துனரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன், வண்டி வடமதுரை ஊருக்குள் போகும்தானே என்று. போகும் என்றார். அய்யலூர் தாண்டியதும் போகாது என்றார். பைபாஸில் இறக்கிவிட்டு, அதோ தெரிகிறது பாருங்கள் ஊர் என்று கைகாட்டி விசில் அடித்தார். எனக்குத் தெரிந்தது ஒரு தென்னந்தோப்பும் வெயிலும்தான்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளியிலும் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு நல்ல வகுப்பறை அமைக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. வடமதுரைப் பக்கத்தில் அப்படி ஒன்று கட்டி முடித்திருக்கிறார்கள், போய்ப் பார் என்று தோழி சொன்னாள். பள்ளி திறந்த ஜூன் மாதத்திலேயே விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்குள்ள தலைமையாசிரியைக்கு வம்பு வரும்.

அன்று அய்யலூரில் ஆட்டுச் சந்தை. பைபாஸில் நான் பிடித்த ஷேர் ஆட்டோவில் எனக்கு முன்பே இரண்டு ஆடுகள் ஏறியிருந்தன. எனக்கு இருபது ரூபாய், ஆட்டுக்கும் இருபது ரூபாய். அதில் ஒன்று என் கைப்பை வாரை வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தது. பள்ளிக்கூடம் என்றதும் ஓட்டுநர் திரும்பி, "ரிப்பன் பள்ளிக்கூடத்துக்கா?" என்றார். என்ன ரிப்பன் என்று கேட்டேன். போய்ப் பாருங்கள் அந்தக் கூத்தை என்று சிரித்தார்.

போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே அழகான அறை. தாழ்ந்த சன்னல்கள், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் அலமாரி, சுவரின் கீழ்ப்பாதி முழுக்கக் கரும்பலகை, மரக்கட்டைகள், கைப்பொம்மைகள், மூலையில் மணல் தொட்டி. எல்லாவற்றையும் சன்னல் கம்பி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. கதவில் பூட்டு. வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் வெறும் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, உச்சியில் மாட்டிய பலகையைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியை மேரி டீச்சர் திண்டுக்கல்லிலிருந்து தினமும் வந்துபோகிறவர். அறை வேலை பொங்கலுக்கே முடிந்துவிட்டதாம். திறந்துவைக்க ஒரு பெரிய மனிதரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் தேதி கொடுப்பதும் தள்ளிப்போடுவதுமாக ஐந்து மாதம் ஓடிவிட்டது. இது மூன்றாவது ரிப்பன். முதல் இரண்டும் வெயிலில் வெளுத்துப்போயினவாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால் காய்ச்ச மாமன் வரவில்லை என்று புது வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு யாராவது தெருவில் குடித்தனம் நடத்துவார்களா என்று கேட்டேவிட்டேன்.

"நீங்க பேசிட்டு பஸ் ஏறிருவீங்க டீச்சர். நாளைக்கு ஊர்ல என்னையத்தான கேப்பாக" என்றார். அதுவும் நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது.

பத்து மணிக்கு மேல் மல்லித் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பூப்பறித்த கையோடு, தலையில் சுற்றிய துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். பெயர் செல்வி. கூடவே ஐந்து வயது மகள் தமிழினி. அந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் ஏற்கெனவே தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டன. தமிழினியையும் ஏற்றுவதா என்று செல்வி அன்று மாலைக்குள் வேன்காரருக்குச் சொல்ல வேண்டும். ஏற்றினால் பூவில் வருகிற காசெல்லாம் பீஸுக்கே போய்விடும். ஆனால் அங்கே விளையாட்டுச் சாமான் இருக்கிறது. இங்கும் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தாள்.

மேரி டீச்சர் சன்னலைக் காட்டினார். செல்வி குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "பூட்டி வச்சிருக்கிறத வேடிக்க பாக்கவா பிள்ளையச் சேக்கச் சொல்றீக?" என்றாள்.

மேரி டீச்சர் தன் அறைக்குப் போய்ச் சாவியை எடுத்துவந்தார். ரிப்பனில் கை படாமல் எக்கிப் பூட்டைத் திறந்தார். பெரியவர்கள் யாரும் விருந்தாளிக்கு முன்னால் கால் வைக்கக் கூடாது, பிள்ளைகள் போனால் தப்பில்லை என்று அந்த இடத்திலேயே ஒரு சட்டமும் போட்டார். ரிப்பன் பெரிய மனிதரின் மார்பு உயரத்துக்குக் கட்டப்பட்டிருந்தது. பிள்ளைகள் குனியக்கூட இல்லை, அதன் அடியில் நேராக நடந்து உள்ளே போனார்கள்.

தமிழினி மணல் தொட்டிக்குப் போனாள். மணலைக் கையால் இழுத்து வரப்பு கட்டினாள், பாத்தி பிரித்தாள், மரக்குச்சிகளை வரிசையாக நட்டாள். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம். வகுப்பு உள்ளே நடக்கிறது, வாத்தியார் வெளியே நிற்கிறார். இந்தக் கண்றாவியை எங்கே போய்ச் சொல்வது?

"டீச்சர், தோட்டத்துக்குத் தண்ணி விடணும். உள்ள வாங்க" என்று தமிழினி கூப்பிட்டாள்.

மேரி டீச்சர் அவளைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார். அவள் மறுபடி கூப்பிட்டாள். அவர் முடிச்சை நிதானமாக அவிழ்த்து, ரிப்பனைக் கசங்காமல் மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "அவுக வர்ற அன்னைக்குக் கட்டிக்கிறலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாளைக்கும் திறந்திருக்குமா என்று செல்வி கேட்டாள். திறந்திருக்கும் என்று மணல் தொட்டிப் பக்கமிருந்து பதில் வந்தது. அவள் அங்கேயே நின்று வேன்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் எங்கள் தலைமையாசிரியரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தாழ்ந்த சன்னல், எட்டுகிற அலமாரி, மணல் தொட்டி, ரிப்பன் பட்ட பாடு வரைக்கும் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு உற்சாகம்.

"பிரமாதம் டீச்சர், நாமளும் செஞ்சுடலாம்" என்றார். "திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம்?"