சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஆர்கன்

எழுபதுகளில் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். சிராங்கூன் ரோட்டில் வாடகை அறை. அடுத்த அறையில் இருந்த மாலுமி, கரையில் தங்கும் நாட்களில் ஆர்கன் ஜாஸ் ரெக்கார்டுகள் போடுவார். சுவர் வழியே கசிந்து வரும் இசையில் பாயோடு மிதப்பதுபோல் கிடப்பேன். அவர் அறையைக் காலிசெய்தபோது இசையும் போய்விட்டது. வாசித்தவர் யாரென்றுகூட நான் கேட்டுவைக்கவில்லை.

எண்பதுகளில், கல்யாணமாகி ஆங் மோ கியோவுக்குக் குடிபோன பிறகு, ஒரு ரெக்கார்டு கடையில் அதே இசை கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

"பழைய ரெக்கார்டுதான், இப்ப மறுபடி அச்சடிச்சு வெளியிட்டிருக்காங்க லா," என்றார் கடைக்காரர்.

அதை வாங்கிவந்து வீட்டில் போட்டதும் மனைவி ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தாள். எங்கள் மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவள் அவள்.

"என்னங்க, ஆர்கன் இப்படிக்கூடப் பேசுமா?"

இரண்டு பக்கமும் முடியும்வரை அவள் விரல்கள் மடியில் அசைந்துகொண்டே இருந்தன.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலையும்போது, ஆர்கனில் அவளுடைய இடது கை மெல்ல அந்த ரெக்கார்டின் தாளத்துக்கு நழுவியது. வாசல்வரை போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமியார் பூசை உடுப்பு மாற்றப் போகாமல், கண்மூடி, கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.