பவானியில் பிடுங்கிய பல்

கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை என்பது, சாட்சி பொய்யே சொன்னாலும் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுப்பது. சம்மன் வந்து, வேலைக்கு லீவு போட்டு, நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்து, கடைசியில் வாய்தா என்று கேட்டுத் திரும்பியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் கோயம்புத்தூர் செஷன்ஸ் கோர்ட்டில் நான் அடித்த ஒரு கொலை வழக்கு இது.

முகம்

பல்லடம் பக்கம் நாச்சிமுத்து என்பவரை ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு, அவர் சோளக் காட்டிலேயே யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அவரோடு வரப்புத் தகராறு இருந்த பக்கத்துக் காட்டு ராமசாமியைப் போலீஸ் பிடித்தது. ராமசாமி அரிவாளோடு ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னவர், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாராத்தாள். பார்த்த சாட்சி அவர் ஒருவர்தான்.

கூண்டில் அவர் தடுமாறவே இல்லை. ராமசாமிமேல் அவருக்கு எந்த விரோதமும் இல்லை. கேட்கக் கேட்க, அடித்துக்கொண்டிருந்த நானும் நம்பிவிட்டேன். ஓடியவரின் முகத்தைப் பார்த்தீர்களா என்று ராமசாமியின் வக்கீல் கேட்டார்.

"மொகம் என்னத்துக்குங்க? பத்து வருசமாப் பாக்கற ஆளு, நடையப் பாத்தாத் தெரியாதுங்களா?"

சொந்தக்காரர்கள்

ராமசாமி அன்று பவானிக்கு ஜமக்காளம் வாங்கப் போயிருந்தார் என்பது அவர் தரப்பு. அதைச் சொல்ல மச்சானும் சித்தப்பாவும் வந்தார்கள். கூடவே போனோம், ராத்திரிதான் திரும்பினோம் என்று இருவரும் ஒரே வரியை, ஒரே இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னார்கள். மத்தியானம் எங்கே சாப்பிட்டீர்கள் என்று அரசு வக்கீல் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டார். மச்சான் ஹோட்டலில் பிரியாணி என்றார். சித்தப்பா, அன்று அமாவாசை, மூவரும் விரதம் என்றார்.

ஜட்ஜ் பேனாவை மூடி வைத்தார். வராந்தாவில் ராமசாமியின் வக்கீல் அவரைப் பிடித்து உலுக்காத குறை. நிஜமாகவே பவானிக்குப் போனாயா, இல்லையா?

"போனனுங்க, தனியாத்தான் போனேன். ஆறு மணிக்குப் பல்லுப் புடுங்கிட்டு இருந்தனுங்க. கொலக் கேசுல பல்லு நிக்காதுன்னு மச்சான் சொல்லிப்போட்டாருங்க."

விரல்

பவானிப் பல் டாக்டருக்கு சம்மன் போனது. அவர் மனசில்லாமல்தான் வந்தார், ஆனால் நோட்டோடு வந்தார். தேதி, ராமசாமியின் பெயர், ஊர், வலது கீழ்க் கடைவாய்ப் பல், கடைசி ஆள், மாலை ஆறு மணி. ஜட்ஜ் ராமசாமியை வாயைத் திறக்கச் சொன்னார். அந்த இடம் காலியாக இருந்தது.

அரசு வக்கீல் விடவில்லை. வருஷம் ஒன்று ஆகப் போகிறது, எத்தனையோ பேருக்குப் பல் பிடுங்குகிறீர்கள், இவர்தான் வந்தார் என்று எப்படிச் சொல்வீர்கள்? டாக்டர் வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலில் இருந்த தழும்பைக் காட்டினார்.

"இத்தன வருசத்துல என்னக் கடிச்ச பேஷண்ட் இவரு ஒருத்தருதானுங்க சார்."

தீர்ப்பு நாள்

ராமசாமி விடுதலை. பதினொரு மாதம் ஜெயிலில் இருந்தவர் கூண்டைப் பிடித்தபடி நின்றார். போகலாம் என்று போலீஸ்காரர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வெளியே மச்சான், தன் சாட்சிதான் காப்பாற்றியது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாராத்தாளும் வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தானாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். எல்லோரும் போன பிறகு என் மேஜைக்கு வந்து, டைப் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஒரு மனுஷனைத் தூக்குக்கு அனுப்பப் பார்த்தேனே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, அப்ப அன்னிக்கு நான் பாத்தது யாருங்க?"

பொய் சாட்சியை மடக்க ஒரு தட்டு பிரியாணி போதும். கண்ணால் பார்த்தேன் என்று மனசார நம்புகிற ஒரு நல்ல மனுஷியை மறுக்க, பவானியிலிருந்து பல் டாக்டரே வர வேண்டியிருந்தது.