மேலதிகாரியின் கூஜா

அந்தப் பித்தளைக் கூஜாவின் மூடியைத் திருகினால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். மத்திய வங்கியின் ஆய்வுக் குழுவில் நான் இளநிலை அதிகாரியாக இருந்த காலத்தில், ஊர் ஊராக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கூஜா என் மேலதிகாரியுடையது. எந்த வங்கியைச் சோதிக்கப் போகிறோமோ அங்கே ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். காலையில் பயணியர் விடுதிக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவார். வங்கி மேனேஜர் காபியும் வடையுமாக ஓடிவந்தால், ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கூஜாவைத் திறப்பார். "காபி உள்ள போனா, கேக்க வேண்டிய கேள்வி தொண்டையிலேயே நின்னுபோகும் தம்பி" என்பார். எனக்கு உடம்பு சிலிர்க்கும். அப்படி ஒரு பித்து அவர்மேல்.

என் பித்துக்குக் காரணம் இருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் மதராஸ் மாகாணத்தோடு சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். ராஜாவும் போயாச்சு, இனிமேல் காசுக்காரனை யார் தட்டிக் கேட்பது என்று ஆவூர் பக்கத்து எங்கள் ஜனங்கள் பேசிக்கொள்வார்கள். பிறகு மத்திய வங்கி நாட்டுடைமை ஆனது. எனக்கு அங்கேயே வேலை கிடைத்ததும், கேள்விக்குப் பதில் என் சட்டைப் பையிலேயே இருப்பதுபோல நடந்தேன். நோட்டு அடிப்பது மட்டும் அதன் வேலையில்லை, சின்ன வங்கிகள் ஊரார் பணத்தில் விளையாடாமல் மேலே நின்று பார்த்துக்கொள்வதும் அதன் வேலை என்று, மாதா கோயில் வாசலில் நின்று விளக்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. கேட்டவர்கள் பாவம்.

கேட்டு நம்பியவர்களில் ஒருத்தி என் அக்கா. அறந்தாங்கியில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மச்சான் விபத்தில் போய்விட, கம்பெனி கொடுத்த ஈட்டுத்தொகைதான் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மிச்சம். அதை அந்த ஊர் வங்கியில் போடச் சொன்னவன் நான். "ஒண்ணும் ஆகாதாடா?" என்றாள். "நாங்க மேல இருக்கோம்ல" என்றேன். நாங்களாம்!

பிறகு அதே வங்கியைச் சோதிக்க எங்கள் குழுவுக்கே உத்தரவு வந்தது. அக்காவின் பணம் அங்கே இருப்பதை மேலதிகாரியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "சொல்லிட்டீங்க, அது போதும். இனி அவங்ககிட்ட மூச்சு விடாதீங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும், பேங்க் அன்னைக்கே விழுந்துடும்" என்றார். சரிதான் என்று தோன்றியது. சோதனையில் தெரிந்தது இதுதான்: வங்கியின் சேர்மன், தன் ஆலைகளுக்குத் தானே கடன் கொடுத்துக்கொண்டு வங்கியைக் காலி செய்திருந்தார். அந்த நாட்களில் அக்கா வீட்டுக்குப் போனபோது, அவளும் பணம் போட்டவள்தானே என்று, அவள் நீட்டிய காபியைக்கூட வேண்டாம் என்றேன். அவ்வளவு முட்டாள் நான். "கவர்னர் வீட்டு மாப்பிள்ளை, எங்க வீட்டுக் காபி எறங்காதோ?" என்று சிரித்துக்கொண்டே டம்ளரைத் திரும்ப எடுத்துப் போனாள். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேனோ என்று, செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

வங்கியை நிறுத்தி வைக்கும் உத்தரவோடு நாங்கள் மறுபடி அறந்தாங்கிக்கு வந்தோம். அதைக் கொடுக்க இரண்டு நாள் இருந்தது. அன்று சாயங்காலம் மேலதிகாரி, "ஆவுடையார்கோவில் வரைக்கும் போய்க் கும்பிட்டுட்டு வாரேன்" என்று கூஜாவோடு கிளம்பினார். வெறுங்கையோடு திரும்பினார். கோயில் மண்டபத்தில் மறந்துவிட்டேன் போல என்றார். நானும் ஐயோ பாவம் என்று, கடைத்தெருவில் அவருக்கு ஒரு மண்கூஜா வாங்கி வந்து கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வங்கிக் கதவைச் சாத்தி நோட்டீசு ஒட்டினோம். கொஞ்ச நேரத்தில் தெருவே திரண்டுவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு அக்கா வந்தாள். அவள் அழவில்லை. "நேத்து சேர்மன் வீட்டு ஆளுக எல்லாம் வரிசையா வந்து எடுத்துட்டுப் போனாங்களாம். அவங்களுக்கு யாருடா சொன்னது?" என்றாள். சத்தியமாக எனக்குத் தெரியாது என்றேன். அப்போது அது உண்மை.

உடம்பு சரியில்லை என்று சேர்மன் வராததால், கையெழுத்து வாங்க நான் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்து மேசையில் அந்தக் கூஜா, புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. சேர்மனின் மனைவி சூதுவாது அறியாத அம்மாள். "ஒங்க பெரிய சார் அன்னைக்கு மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க தம்பி. ரெண்டு டம்ளர் மோரு குடிச்சாங்க. வழியில தாகமெடுக்குமேன்னு இதுலயும் ஊத்திக் குடுத்தேன். புளிச்சுப் போச்சேன்னு கழுவி வச்சிருக்கேன், கொண்டு போறீங்களா?" என்றார்.

விடுதியில் அவர் முன்னால் அதை வைத்தேன். அவர் அதைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். "பெரிய குடும்பம். அவங்களப் பகைச்சுக்கிட்டா இந்த ஜில்லாவுல எந்த பேங்கும் தலையெடுக்காது. ஒங்களுக்கு இப்பப் புரியாது" என்றார். எங்கள் அக்கா என்று ஆரம்பித்தேன். "அடடா, அவங்க ஞாபகமே வரல தம்பி" என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஞாபகம் வந்து, வேண்டாம் என்று விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கூஜாவை நிரப்பிக்கொண்டு வந்து, கிறீச்சென்று மூடியைத் திருகித் தண்ணீர் குடித்தார்.

தலைமை அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் வரவில்லை, அவருக்குப் பதவி உயர்வு வந்தது. அக்காவுக்குப் பல வருஷம் கழித்து, போட்டதில் ஒரு துண்டு கிடைத்தது. அதற்குள் பெரியவன் படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியிருந்தான். இப்போது வங்கிப் பணத்துக்குக் காப்பீடு இருக்கிறது, ஆயிரம் விதிகள் இருக்கின்றன. நல்லதுதான். அந்த விதிகளையும், கூஜாவைப் போல, ஓர் ஆள்தானே கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்றைக்கும் அறந்தாங்கிக்குப் போனால் அக்கா காபி போடுகிறாள். டம்ளரை நீட்டும்போது, "குடிக்கலாம்ல? ஒங்க சட்டம் ஒண்ணும் குறுக்க வராதே?" என்கிறாள். முன்பு போலச் சிரிப்பதில்லை. நான் மிச்சம் வைக்காமல் குடித்துவிடுகிறேன். 'உனக்கு முன்னாடியே தெரியும்தானே?' என்று அவள் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை. கூஜாக்காரர் சொன்னது தப்பு. காபியைக் குடிப்பது நான். கேள்வி நிற்பது அவள் தொண்டையில்.