வெறும் புல்லில் ஓடிய மஞ்சள் பெட்டி

ஏசிக் குளிர்… அதோடு றிஸ்வானாவின் அத்தர் வாசம். என் முதல் வேலையை நினைத்தால் இந்த இரண்டும்தான் முதலில் வருகின்றன.

புளியந்தீவில், வாவியைப் பார்த்த ஒரு மாடியில் சின்ன ஒஃபிஸ். நாங்கள் ஏழு பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். வெயில் ஏறினால் வாவித் தண்ணீரின் வெளிச்சம் ஸ்கிரீனில் வந்து ஆடும்.

வேலை என்ன தெரியுமா? அமெரிக்கன் ஃபுட்போல் பார்ப்பது. அம்மா கடைசிவரை நம்பவில்லை.

வீடியோவில் ஒரு ஆட்டக்காரரைச் சுற்றி மஞ்சள் பெட்டி போட வேண்டும். பிறகு மூன்று பட்டன்களில் ஒன்று. 'பிடித்தார்', 'தவறவிட்டார்', 'பந்து வரவில்லை'. நாங்கள் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து மெஷின் படித்துக்கொள்ளுமாம்.

எனக்குக் கிடைத்தவர் எண்பத்தேழாம் இலக்கம். வைட் ரிசீவர்… மைதானத்து ஓரத்தில் தனியாக நின்று, பறந்து ஓடி, தூரத்திலிருந்து எறியும் பந்தைப் பிடிப்பவர். அவருடைய எட்டு வருஷ விளையாட்டும் என் தலையில். ஓடுவதற்கு முன் ஹெல்மெட்டின் இடப்பக்கத்தை இரண்டு தரம் தட்டுவார். சொந்தக்காரரை நடையில் கண்டுபிடிப்பது போல, இலக்கம் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவேன்.

"உன்ட ஆள் இண்டைக்கு எத்தின பந்து புடிச்சாரு கா?" என்று பக்கத்துக் கதிரை றிஸ்வானா சீண்டுவாள். காத்தான்குடிக்காரி, வாய் ஓயாது.

ஒருநாள் ஒரு வீடியோவில் அடி ஒன்று விழுந்தது. தலையோடு தலை. விழுந்த என் ஆள் எழும்பினார். எழும்பி, எதிரணிக்காரர்களின் வரிசையில் போய் நின்றார்.

யாரோ இழுத்து வந்து சரியான இடத்தில் விட்டார்கள். கையைத் தூக்கித் தட்டினார். ஹெல்மெட்டில் இல்லை… ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில். இரண்டு தரம்.

நல்ல பகல் நேரம். வீடியோவைப் பின்னுக்கு இழுத்துத் திரும்பவும் பார்த்தேன், அதேதான்.

சுப்பவைசரைக் கூப்பிட்டேன். "அண்ணா, இவருக்குத் தலையில என்னவோ நடந்திருக்கு. இதுக்கு என்ன போடுற?"

"அதுக்கு பட்டன் இல்ல புள்ள. பந்து வரல்லதானே, அதப் போடு. பழைய மெட்ச், நாம என்ன செய்யலாம்?"

போட்டேன். அதன் பிறகும் அவர் காற்றைத் தட்டிய ஒவ்வொரு தரமும் அதையே போட்டேன்.

கொடுமை என்னவென்றால், வீடியோக்கள் வருஷ வரிசையில் வருவதில்லை. அடுத்த நாள் வந்தது அவருடைய முதல் வருஷம். சிரித்துச் சிரித்து ஓடுகிறார். நடக்கப்போவது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஸ்கிரீனைப் பார்த்து "போகாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன்… வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கடைசி வீடியோவில் அவரே இல்லை. விளையாட்டை விட்டுவிட்டாராம், அது தவறுதலாக வந்திருக்கிறது. ஆனால் அதற்குள் மெஷின் தானாகவே பெட்டி போடப் பழகியிருந்தது.

அவர் வழக்கமாக நிற்கும் ஓரம். வெறும் புல். அதில் மஞ்சள் பெட்டி.

ஆட்டம் தொடங்கியதும் பெட்டி ஓடியது. அவரைப் போலவே வளைந்தது. நின்றது. அழித்தேன். அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பவும் அதே ஓரத்தில் வந்து நின்றது.

றிஸ்வானா எட்டிப் பார்த்தாள். "அதுல ஆருமே இல்லையே கா…"

அன்று முழுக்க அவள் பகிடி விடவில்லை.

அந்த மாடியில் இப்போது உடுப்புக்கடை. றிஸ்வானா கட்டாரில். நான் அமிர்தகழிப் பக்கம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடக் கிரவுண்டில் யாராவது விழுந்தால் ஓடிப்போய், தலையில் அடிபட்டிருக்கிறதா என்று முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன்.

இப்போதெல்லாம் மெஷினே மெட்ச் பார்த்துச் சொல்கிறதாம். எங்கோ ஒருவர் அடிபட்டு எழும்பி, தலைக்குப் பக்கத்தில் வெறும் காற்றைத் தட்டிக்கொண்டு நிற்பார். அதுவும் பார்க்கும். பார்த்துவிட்டு, 'பந்து வரவில்லை' என்று சொல்லும்.

சொல்லிக் கொடுத்தது நான்.