திறக்காமல் அழித்த இணைப்பு

போன மழைக்காலத்தில், மின்கட்டண ரசீது என்று மின்னஞ்சலில் வந்த ஓர் இணைப்பைத் திறந்துவிட்டேன். கணினி அப்படியே பூட்டிக்கொண்டது. பேரப்பிள்ளைகளின் படங்கள் நானூற்றுப் பன்னிரண்டும் போயின. குன்னூரிலிருந்து மகன் வந்து சரிசெய்தான்.

"தெரியாத முகவரி, அவசரம்னு பேச்சு, கூடவே ஒரு ஃபைல். இப்படி வந்தா தொடவே தொடாதீங்கப்பா."

தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தோரு வருடம் இலை எடை எழுதியவன் நான். அன்று முதல் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் குறைகளை எண்ணத் தொடங்கினேன். மூன்று சேர்ந்தால் அழித்துவிடுவேன்.

ஐப்பசியில் ஒன்று வந்தது. "மாமா, நான் உங்க அக்கா மகள். பழைய போன் தொலைஞ்சிருச்சு. அம்மா பேசினத அனுப்பியிருக்கேன். அவசரம், உடனே கேளுங்க." கீழே ஓர் ஒலிப்பதிவு.

எனக்கு அக்கா உண்டு. நாங்கள் கப்பலேறி இந்தியா வந்தபோது, கல்யாணமாகியிருந்த அவள் மட்டும் இலங்கைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி போனில் பேசுவோம். ஆனால் இது புது முகவரி. போன் தொலைந்த கதை. அவசரம். இணைப்பு. பெயர்கூடப் போடவில்லை. ஐந்து குறைகள்.

"நெசமாவே அவதானோ என்னவோ, ஒருக்கா கேட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் மனைவி.

"திறந்துட்டு மறுபடியும் மகன்கிட்ட யாரு திட்டு வாங்குறது? நீ வாங்குறியா?"

அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பிறகு வெளிநாட்டு எண் ஒன்றிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. துண்டித்து, அந்த எண்ணையும் தடை செய்தேன். அக்கா வீட்டோடு அடிக்கடி பேசுகிறவன் கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பா மகன்; அவனிடம் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவனே ஒருநாள் பஸ் ஏறி வந்தான்.

"ஏண்ணே, கலெக்டர் ஆயிட்டீங்களோ? அக்கா மக கூப்புட்டா கட் பண்றீங்களாமே?"

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் முடிந்தால் பேச்சு திரும்பாது என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள். குரல் இருக்கும்போதே தம்பியிடம் பேசிவிட வேண்டும் என்றுதான் தேடியிருக்கிறாள். ஆபரேஷன் முடிந்து எட்டு நாளாகியிருந்தது.

அக்கா மகள் ஒலிப்பதிவை மறுபடியும் அனுப்பினாள். இரண்டே நிமிடம். "தம்பி, உன் குரலக் கேக்கணும். நீ கூப்புடுற வரைக்கும் போனப் பக்கத்துலயே வச்சிருக்கேன்," என்றாள் அக்கா. அதற்குமேல் கேட்க முடியாமல் நிறுத்தினேன்.

அன்று மாலையே வீடியோவில் கூப்பிட்டேன். கழுத்தில் கட்டோடு அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள்.

"கதைங்க மாமா. அம்மாவுக்குக் காது நல்லாக் கேக்குது."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ, ஏன் அழித்தேன் என்ற விளக்கம். முகவரி, அவசரம், இணைப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் அக்காவின் தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லை. அழுகிறாளோ என்று பயந்து அவள் மகளைக் கேட்டேன்.

"இல்ல மாமா. சிரிக்கிறாங்க," என்றாள் அவள்.