தவக்காலத்தில் பார்க்காத படம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், தூத்துக்குடியில், ஒரு தவக்காலத்தில் நடந்தது இது. நான் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து மாதம் ஒரு சிறு பத்திரிகை வரும். புதிதாக வெளியாகும் சினிமா, பாட்டு, புத்தகம் ஆகியவற்றைக் கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் அலசி அதில் ஒரு பக்கம் எழுதுவது என் பொறுப்பு. பிள்ளைகளை எந்தப் படத்துக்கு அனுப்பலாம், எதற்கு அனுப்பக் கூடாது என்று என் பக்கத்தை வாசித்து முடிவு செய்கிற வீடுகள் இருந்தன. அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் கடற்கரை மக்களைப் பற்றி ஒரு படம் வெளியானது. பாதிப் படத்தைத் துறைமுகத்தை ஒட்டியும் மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்திலும்தான் எடுத்தார்கள். எடுக்க வந்தவர்கள் எங்கள் கோயில் பாடகர் குழுவிலிருந்த ஒரு பெண்ணின் குரலைக் கேட்டுவிட்டு, படத்தில் ஒரு பாட்டை அவரையே பாட வைத்தார்கள்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திரேஸ்புரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் கப்பல் வேலைக்குப் போகிறவர். லீவுக்கு வந்தால்தான் ஊரில் பார்க்கலாம். பெரிய வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் கோயிலில் ஒரு புலம்பல் பாட்டு உண்டு. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்திக்கொண்டு மாதா அழுகிற பாட்டு. வாத்தியம் எதுவும் கிடையாது. ஒரு பெண் எழுந்து நின்று அடி எடுத்துக் கொடுப்பார், கோயில் முழுவதும் பின்பாட்டுப் பாடும். பல வருடங்களாக அந்த இடத்தில் நின்றவர் இவர்தான். கடலுக்கு ஆளைக் கொடுத்த வீடுகள் நிறைந்த எங்கள் பங்கில் அந்த இடம் சாதாரண இடம் இல்லை. அவர் எழுந்து நின்றாலே முன்வரிசைக் கிழவிகள் முந்தானையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

படம் தவக்காலத்தில் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் நான் இறைச்சி தொடுவதில்லை, தியேட்டருக்குப் போவதில்லை. சிறு வயதிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. ஆனால் பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. ஊரே அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு துண்டு வீடியோ வந்தது. படகுத்துறையில் நான்கு இளைஞர்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள், பின்னணியில் இவர் குரல். ராகம் அச்சு அசலாகப் பெரிய வெள்ளிப் புலம்பல். 'நம் கோயில் பாட்டைச் சாராயக் கடையில் விற்றுவிட்டார்கள்' என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே எழுதி அனுப்பினேன். அவர் பெயரைப் போடவில்லை. 'மாதாவின் கண்ணீரை மதுக்கோப்பையில் ஊற்றிக் கொடுத்த குரல்' என்று ஒரு வரி வைத்தேன். அந்த வரியை நானே திரும்ப வாசித்து ரசித்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். படத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை.

பெயர் போடாவிட்டால் என்ன, அந்தக் குரல் யாருடையது என்று ஊரில் யாருக்குத் தெரியாது? பத்திரிகை கைக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையே, கோயில் காரியங்களை முடிவு செய்யும் பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. இந்த வருடம் புலம்பலுக்கு வேறு ஆளைப் பார்க்கலாம் என்று முடிவு செய்து, பாடகர் குழுவிலிருந்த ஒரு கல்லூரி மாணவியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இவரைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வெளியே வந்தேன். வாசலில் அவர் நின்றார். சண்டைக்குத்தான் நிற்கிறார் என்று நினைத்து நானும் பதிலைத் தயார் செய்துகொண்டேன்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். படத்தப் பாத்தியளா?"

"தவக்காலம் இல்லியாம்மா..." என்று இழுத்தேன்.

"அப்ப பாக்கல" என்றார். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டே, "நாங்க போன வாரமே போயிப் பாத்துட்டு வந்துட்டோம்" என்றாள்.

"தவக்காலத்துலயா?"

"ஆமா. நம்ம புள்ள பாடியிருக்கான்னு மாதா சபைப் பொம்பளைய எல்லாரும் போனோம். பாவசங்கீர்த்தனத்துல பங்குச்சாமிகிட்ட சொல்லியாச்சு. அவரும் பாத்துட்டாரான்னு கேக்கத்தான் தைரியம் வரல."

"நான் எழுதினதை வாசிச்சியே, அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க எழுதுறதுக்கு முந்தி என்னயக் கேட்டியளா? அச்சுல வந்த பொறவு சொல்லி என்ன செய்ய?"

மறுநாள் மதியக் காட்சிக்குப் போனேன். வாழ்நாளில் முதல் முறையாகத் தவக்காலத்தில் தியேட்டர் வாசலை மிதித்தேன். யார் கண்ணிலும் படாமல் இருக்கக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலியில் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு எங்கள் கோயில் உபதேசியார். பூசைக்கு மணி அடிக்கிறவரும் அவர்தான், ஜெபம் சொல்லித் தருகிறவரும் அவர்தான். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, "சார், நீங்களா?" என்றார்.

"விமர்சனம் எழுதணும்" என்றேன்.

"அதான் எழுதியாச்சே சார்!"

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். அதனால்தான் அதிகமாக வலித்தது.

இடைவேளைக்குப் பிறகு அந்தப் பாட்டு வந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத நண்பனை நினைத்து நான்கு இளைஞர்களும் குடிக்க உட்காருகிறார்கள். துண்டு வீடியோ அத்துடன் முடிந்துவிட்டது. படத்தில் அதற்குப் பிறகுதான் அந்த நண்பனின் தாய் வருகிறாள். பாட்டு அவளுடையது. அவள் யாரையும் திட்டவில்லை. அவர்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, உடலும் கிடைக்காத மகனை மடியில் வைத்துத் தாலாட்டுகிற மாதிரி பாடுகிறாள். ஒருவன் டம்ளரைக் கவிழ்த்து வைக்கிறான். பிறகு நான்கு பேரும் அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுகிறார்கள். கோயில் பாட்டின் ஒரு சொல்கூட அதில் இல்லை. ராகம் மட்டும் ஒன்று. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு எங்கள் ஊரில் வேறு ராகம் ஏது?

உபதேசியாரின் துண்டு தலையிலிருந்து முகத்துக்கு இறங்கியிருந்தது. நான் திரையைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன். பல வருடங்களாக நான் பார்த்த படங்களில் இவ்வளவு ஜெபமான காட்சி ஒன்றுகூட இல்லை. அதைத்தான் மதுக்கோப்பை என்று எழுதியிருக்கிறேன். சினிமா பார்க்காமல் விரதம் காத்த நான், ஒரு பெண்ணின் மேல் பொய்ச் சாட்சி சொல்லியிருந்தேன். விரதம் திருச்சபையின் ஒழுங்கு. பொய்ச் சாட்சி சொல்லக் கூடாதென்பது கடவுளின் கட்டளை. எது பெரியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தியேட்டரிலிருந்து நேராக அவர் கடைக்குப் போனேன். ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"படம் பாத்துட்டேன்மா. நான் எழுதுனது தப்பு. மன்னிச்சிரு."

மிஷினை நிறுத்தினார். "நீங்க எழுதுன வரி நல்லாத்தான் சார் இருந்துச்சு. எங்க தெருவுல எல்லாருக்கும் மனப்பாடம். எம் மவகிட்டயே பள்ளிக்கூடத்துல சொல்லிக் காட்டிட்டாளுவ."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை; அதை எதிர்பார்க்கும் தகுதியும் எனக்கு இல்லை. அவரே இன்னொன்றும் சொன்னார். அடுத்த படத்தில் பாடக் கூப்பிட்டிருந்தார்களாம். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். அதை வேறு யாரோ பாடியும் ஆயிற்றாம். அந்த ஒன்றை என்னால் இன்றுவரை திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

"வர்ற இதழ்ல மறுப்பு எழுதுதேன்" என்றேன்.

"வர்ற இதழ் வரையில பெரிய வெள்ளி முடிஞ்சிரும் சார்" என்று மறுபடியும் மிஷினை மிதித்தார்.

அது உண்மை. எனவே பங்குச்சாமியாரிடம் போய், மறுநாள், பெரிய வெள்ளிக்கு முந்தைய குருத்து ஞாயிறு, பூசை முடிவில் மைக்கில் பேச அனுமதி கேட்டேன். அவர் என்னிடம் படித்தவர். "சார், ஒரு திருத்தம் போட்டாப் போதுமே. உங்க வயசுக்கு நீங்க எல்லார் முன்னாலயும் நின்னு..." என்று தயங்கினார். "எழுதும்போது நான் வயச நெனைக்கல சாமி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. எல்லார் கையிலும் குருத்தோலை. வகுப்பில் ஆயிரம் தடவை பேசிய நான் அன்று மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். படம் பார்க்காமல் எழுதினேன், நேற்றுத்தான் பார்த்தேன், எழுதியது பொய்ச் சாட்சி, அந்தப் பெண் செய்தது எந்தத் தப்பும் இல்லை என்று சொன்னேன். பின்னால் ஒரு பெரியவர், "ஏலே, பிரசங்கம் வைக்கிற வாத்தியாரே தவக்காலத்துல படத்துக்குப் போயிருக்காரு!" என்றார். கோயிலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. படத்தில் பாடியவர் பெண்கள் பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்ததும் பேரவைத் தலைவர் அவரிடம் போய், "நீயே பாடும்மா" என்று கேட்டிருக்கிறார். அவர் மறுத்துவிட்டார். "அந்தப் புள்ள விழுந்து விழுந்து படிச்சிருக்கா. என்னய எறக்கின மாதிரி அவளயும் எறக்கணுமா?" என்றாராம். அதைக் கேட்டபோது என் மன்னிப்பால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பும் போயிற்று.

பெரிய வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கல்லூரிப் பெண்தான் எழுந்து நின்றாள். நன்றாகவே பாடினாள். இவர் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்பாட்டுப் பாடினார். பாதிப் பாட்டு முடிந்தது. அடுத்த அடியை எடுக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். மறந்துவிட்டாளோ, மயக்கமோ என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் திரும்பி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதா பாதி அழுகையில் நிற்கிறாள்; யாராவது தொடர வேண்டும். முன்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "எந்திரி ஏளா, அவ அங்கன அழுதுக்கிட்டு நிக்கா" என்றாள்.

அவர் எழுந்தார். முதல் சொல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது. பிறகு அந்தக் குரல் கூரையைத் தொட்டது. கடைசி அடிகளை இருவரும் சேர்ந்து பாடினார்கள்.

சடங்கு முடிந்து வெளியே வந்தபோது, "திட்டம் போட்டு உக்காந்தியாக்கும், இரு உன்னய வச்சிக்கிடுதேன்" என்று அவர் அந்தக் கல்லூரிப் பெண்ணின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அருகில் வந்தார்.

"சார், இன்னொரு தடவ யாராச்சும் பாடக் கூப்பிட்டா நான் போவேன். நீங்க பாத்துட்டு எழுதுங்க. நல்லா இல்லன்னா, நல்லா இல்லன்னே எழுதுங்க."

அந்தப் பக்கத்தை இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்த நான் இப்போதும் எழுதுகிறேன். பொய்ச் சாட்சி சொன்னவனையே மறுபடியும் சாட்சியாக நம்பிய அந்த வார்த்தையைவிடப் பெரிய பாவமன்னிப்பை இந்த வயதுவரை நான் யாரிடமும் பெற்றதில்லை.